மௌனப் புனிதவதியும் ஒரு வாத்தும்

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த ஊருக்கு வரும் பேருந்தில் நிற்க இடம் கிடைக்காது. டான்யூப் நதிக்கரையில், தொழிற்சாலைகள் மூடியதும் இளவட்டம் முழுக்க ஜெர்மனிக்குப் போய்விட்ட பல்கேரிய ஊர் அது. போகிறவர்கள்தான் உண்டு, வருகிறவர்கள் கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்கு ஞாயிறுதோறும் கூட்டம் வரக் காரணம் முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த தோன்கா.

தோன்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேசாது. பேசாதவள் பொய் சொல்ல மாட்டாள், ஆகையால் அவள் புனிதவதி. இந்தத் தர்க்கத்தைக் கண்டுபிடித்தவர் ஸ்பாஸ். அதற்கு முன் அவர் முதுகுவலி தீர்க்கும் காந்த மெத்தை விற்றுக்கொண்டிருந்தார். வாங்கியவர்களுக்கு முதுகுவலியோடு மனவலியும் சேர்ந்தது. மெத்தையைத் தூக்கிச் சுமக்க வேண்டும். கிழவியைச் சுமக்க வேண்டியதில்லை. தொழிலை மாற்றிக்கொண்டார்.

கூடம் நிறைந்ததும் தோன்கா காலால் தரையை ஓங்கி மிதிப்பாள்.

"ஆவி இறங்கிடுச்சு," என்பார் ஸ்பாஸ். "எல்லாரும் கண்ணை மூடுங்க. புனிதவதி கை பேசறப்போ பாத்தவன் கண்ணு அவிஞ்சு போகும்."

எல்லோரும் மூடுவார்கள். ஸ்பாஸும் மூடிக்கொண்டு, கிழவியின் இடது மணிக்கட்டைப் பிடித்து, அதன் வழியாக வரும் செய்தியைச் சொல்வார். மகளுக்கு வரன் வரும். மாடு கன்று போடும். பக்கத்து வீட்டுக்காரன் கெட்டுப்போவான். இந்தக் கடைசிச் செய்திக்குத்தான் தேன் ஜாடியும் சாராயப் பாட்டிலும் அதிகமாக வந்தன. காணிக்கைப் பெட்டியின் புண்ணியத்தில் இல்லத்துக்குப் புதுக் கூரையே வந்துவிட்டது. அதனால் மேலாளர் மனோலும் பக்தர்தான்.

கண்ணை மூடாத ஒரே ஆள் நர்ஸ் நெவேனா. பகுத்தறிவால் அல்ல. சூடான சூப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூட முடியாது, அவ்வளவுதான். அதனால் அவளுக்கு ஒன்று தெரிந்தது. தோன்கா ஒவ்வொரு முறையும் வலப்பக்க விலாவுக்குக் கீழே முஷ்டியை வைத்துத் திருகுகிறாள். முகம் சுருங்குகிறது. சூப்பைத் தள்ளிவிடுகிறாள்.

டாக்டர் வந்தார். "எங்க வலிக்குது?" என்று கேட்டார். காது கேட்காதவள் பதில் சொல்லவில்லை என்பதால் இன்னும் சத்தமாகக் கேட்டார். பிறகு தொண்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்.

"சாப்பிடாம இருக்கறது புனித விரதம்," என்றார் ஸ்பாஸ்.

"திருகிக் காட்டறாங்களே?"

"அது சாவி. பக்தர்கள் வீட்ல கதவு தெறக்கப் போகுது."

தோன்காவின் உடைகள் தொளதொளத்துப் போயின. நெவேனா மனோலிடம் போனாள். "சார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலைன்னா இந்தம்மா பொழைக்காது. இவங்களோட கையால பேசத் தெரிஞ்சவங்க யாரையாவது கூப்பிடலாம்."

"ஸ்பாஸ்தான் இருக்காரே. விரதத்தைக் கலைச்சா ஊரே என் மேல பாயும்மா. கூரையையும் கழட்டிட்டுப் போயிடுவாங்க."

சனிக்கிழமை வீட்டிலிருந்து அவள் தலைநகரில் உள்ள காது கேளாதோர் சங்கத்தைக் கூப்பிட்டாள். எடுத்தவள் இஸ்க்ரா. காது கேளாத தாய் தகப்பனுக்குப் பிறந்தவள், சைகைமொழி பெயர்ப்பாளர்.

"தரையை மிதிக்கறாங்களா?" என்று சிரித்தாள். "எங்க வீட்ல நாள் முழுக்க மிதிப்போம். அதிர்வு கால்ல தெரியும், திரும்பிப் பாப்பாங்க. 'இங்க பாருங்க'ன்னு கூப்பிடறாங்க, அவ்வளவுதான். நீங்கல்லாம் என்ன பண்றீங்க?"

"கண்ணை மூடிக்கறோம்," என்றாள் நெவேனா.

"முஷ்டி விஷயம் கேட்டுச் சொல்ற சமாச்சாரம் இல்ல. வீடியோவுல காட்டுங்க," என்றாள் இஸ்க்ரா.

மறுநாள் காலை போனோடு தோன்காவை நெருங்கியபோது ஸ்பாஸ் குறுக்கே வந்தார். கூடத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது.

"புனிதவதி மேல போன் கதிர் படக்கூடாது."

"சரிண்ணே. ஒரு பரீட்சை வைப்போம். நீங்க வெளிய நில்லுங்க. இந்தம்மாவுக்கு ஒண்ணு காட்டறேன். உள்ள வந்து கையைப் பிடிச்சு அது என்னன்னு சொல்லுங்க. சொல்லிட்டா நான் வேலையை விட்டுட்டுப் போயிடறேன். சொல்லலைன்னா போனைக் காட்டுவேன்."

"தெய்வத்துக்கே பரீட்சையா?"

"தெய்வத்துக்கு இல்ல. உங்களுக்கு."

பாலாடைக்கட்டி வியாபாரி ஸ்தான்கா முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள். "போயா, போய் நில்லு. எங்க வீட்டுக் கதவுகூட இன்னும் தெறக்கல. அதையும் கேட்டுச் சொல்லு."

ஸ்பாஸ் போனார். நெவேனா சமையலறைப் பக்கமிருந்து ஒரு பெரிய வெள்ளை வாத்தைத் தூக்கிவந்து தோன்காவின் முன் நிறுத்தினாள். வாத்து கழுத்தை நீட்டிக் கிழவியின் மேலாடைப் பொத்தானைக் கொத்தியது. தோன்கா சிரித்தாள். அவள் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. வாத்து சமையலறைக்குள் போயிற்று. ஸ்பாஸ் வரப்போகிறார் என்றதும் கூட்டம் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டது.

"இப்போ யாரும் கண்ணை மூட வேண்டாம்," என்றாள் நெவேனா. "நான் வாராவாரம் தெறந்துதான் வச்சிருக்கேன். நல்லாத்தான் தெரியுது."

"எனக்கு எடது கண்ணுல ஏற்கனவே புரை," என்றாள் ஸ்தான்கா. "போனா அது போகட்டும்." அதை மட்டும் திறந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மற்றதையும் திறந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திறந்தார்கள்.

ஸ்பாஸ் உள்ளே வந்தார். வழக்கப்படி மணிக்கட்டைப் பிடித்தார். வழக்கப்படி கண்ணை மூடினார். நெவேனா தோன்காவைப் பார்த்து இரு கைகளையும் விரித்தாள். என்ன பார்த்தீர்கள்?

கிழவியின் முகம் மலர்ந்தது. இந்த இல்லத்தில் அவளுக்குப் புரிகிறபடி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. மணிக்கட்டை உதறி விடுவித்துக்கொண்டாள். முழங்கைகளைச் சிறகுபோல் அடித்தாள். விரல்களை அலகாக்கித் திறந்து மூடினாள். இடுப்பை ஆட்டி ஆட்டி உட்கார்ந்தபடியே நடந்தாள்.

"மெழுகுவத்தி," என்றார் ஸ்பாஸ். "அணையாத மெழுகுவத்தி. பக்கத்துல ஒரு கிணறு..."

தோன்காவின் அலகு அவர் சட்டைக் கையைக் கொத்தியது.

"புனிதவதி என்னை ஆசீர்வதிக்கறாங்க," என்றார் ஸ்பாஸ் உருக்கமாக.

சிரிப்பில் கூடம் குலுங்கியது. சத்தம் கேட்டு வாத்தும் கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தது. ஸ்பாஸ் கண்ணைத் திறந்தார். "நம்பிக்கையில்லாத கண்ணு பட்டு சக்தி ஓடிடுச்சு," என்றார்.

"சக்தி ஓடல," என்றாள் ஸ்தான்கா. "வாத்துதான் ஓடுது. யாராவது பிடிங்கப்பா."

நெவேனா போனைக் கிழவியின் முன் நீட்டினாள். திரையில் இஸ்க்ரா கையசைத்து ஏதோ கேட்டாள். தோன்காவின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு கொட்டத் தொடங்கின. கணவன் இறந்து, இங்கே கொண்டுவந்து விடப்பட்ட நாளிலிருந்து அடைபட்டுக் கிடந்த பேச்சு. இந்த முறை கூடம் கண்ணை மூடவில்லை.

"விலாவுக்குக் கீழ கத்தியை வச்சுத் திருகற மாதிரி வலிக்குதாம்," என்றாள் இஸ்க்ரா. "சாப்பிட்டா அதிகமாகுதாம். உங்க எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்துட்டாங்களாம். தான் பேச ஆரம்பிச்சா ஏன் எல்லாரும் தூங்கிடறாங்க, இந்த ஊர்ல என்ன வியாதின்னு கேக்கறாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்புறம் பக்கத்துல நிக்கற அந்த வெள்ளைச் சட்டைக்காரர் யாராம்? ஏன் எப்பவும் கையைப் பிடிச்சுக்கறார்னு கேக்கறாங்க. எங்க ஆளுங்களுக்கு அது வாயைப் பொத்தற மாதிரி."

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது மனோல்தான். பித்தப்பை நிறையக் கல். அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இஸ்க்ரா ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள். இந்த முறை டாக்டர்கள் மெதுவாகத்தான் கேட்டார்கள். கிழவி பிழைத்தாள். ஸ்பாஸ் சமையலறை வழியாகக் கிளம்பினார். காணிக்கைப் பெட்டியைத் தூக்க மறக்கவில்லை. அந்த வாசலில் ஸ்தான்கா கைத்தடியோடு நிற்பாள் என்பதை மட்டும் அவருக்கு எந்த ஆவியும் சொல்லவில்லை.

தோன்கா திரும்பிவந்த ஞாயிறு பேருந்து மறுபடி நிரம்பி வந்தது. போனுக்குள் இருந்து ஊமையைப் பேசவைத்த பெண் நேரிலேயே வருகிறாளாம். இஸ்க்ராவின் கையைத் தொட வரிசை வாசல்வரை நின்றது.

"தொட வேண்டாம்," என்றாள் நெவேனா. "இது சக்தி இல்ல, மொழி. செவ்வாயும் வியாழனும் இங்கயே கத்துக்குடுக்கறாங்க. காசு கெடையாது. யார் யார் வர்றீங்க?"

அற்புதத்துக்கு மூன்று பேருந்து மாறி வந்த கூட்டம் அது. பாடம் என்றதும் எல்லோருக்கும் திரும்பிப் போகிற பேருந்து ஞாபகம் வந்தது. மிஞ்சியவர்கள் நெவேனா, மனோல், ஸ்தான்கா. 'எங்கே வலிக்கிறது' என்பதுதான் முதல் பாடம். ஸ்தான்கா தப்பாகக் காட்டியபோதெல்லாம் தோன்கா அவள் விரலைத் தட்டித் திருத்தினாள்.

ஒரு கிழவியைப் புனிதவதியாக்க ஓர் ஊரே மூளையைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. அவளைப் பிழைக்க வைக்க ஒருத்தி அதை மாட்டிக்கொண்டது போதுமாயிருந்தது. உங்களுடையதை எங்கே வைத்தீர்கள் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.