பதினெட்டு கிராம் அரசாங்கச் சொத்து

மக்களுக்கு விரைந்து சேவை செய்வதே தன் உயிர்மூச்சு என்று வாசலில் எழுதி வைத்திருந்த உரிம இலாகா பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தது. உரிமம் கொடுக்கும் கவுண்டர் கிள்ளானில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே, கடிதம் கொண்டுபோகும் சின்னையாவும் ஒரு ஸ்கூட்டரும் இருந்தார்கள்.

மின்னஞ்சல் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அதில் வருவது கடிதத்தின் சாயல்தான், கடிதம் அல்ல என்று ஒரு சுற்றறிக்கை தீர்மானித்திருந்தது. கையெழுத்தான அன்றைக்கே, மாலை நான்கு மணிக்குள், அசல் கடிதம் கிள்ளான் கவுண்டரைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அது வெறும் காகிதம். இலாகா ஸ்கூட்டர் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது என்று இன்னொரு சுற்றறிக்கை. ஆகவே சின்னையா பழைய கிள்ளான் சாலையில் சிக்னல் சிக்னலாக நின்று போனார்.

நிற்பதில் அந்த ஸ்கூட்டருக்கு ஒரு குறையும் இல்லை. கிளம்புவதில்தான் தகராறு. பச்சை விழுந்ததும் சின்னையா ஆக்சிலேட்டரை முறுக்குவார். எஞ்சின் கொஞ்சம் யோசிக்கும். பின்னால் லோரிக்காரன் ஹார்ன் அடிப்பான். ஸ்கூட்டர் மனமிரங்கி நகர்வதற்குள் மறுபடி சிவப்பு விழுந்திருக்கும்.

இப்படி இரண்டு முறை ஐந்தைந்து நிமிடம் பிந்தியதில், கிள்ளானில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் லோகேஸ்வரியின் உரிமம் இரண்டு முறை வெறும் காகிதமானது. கடையைச் சாத்திவிட்டுக் கவுண்டர் வாசலிலேயே நின்ற அவர் சின்னையாவை மடக்கிக்கொண்டார்.

"அண்ணே, நீங்க ஓட்டிட்டு வர்றீங்களா, தள்ளிட்டு வர்றீங்களா? மூணாவது தடவையும் போச்சுன்னா என் கடை இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க."

சின்னையாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் செந்தூலில் பட்டறை வைத்திருக்கும் ரியாஸிடம் ஸ்கூட்டரைக் கொண்டுபோனார். ரியாஸ் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஆறு சின்ன உருளைகளை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக் காட்டினான்.

"இந்த ரோலர்தாண்ணே கோளாறு. ஒன்னு பன்னெண்டு கிராம். கனமா இருக்கறதால வண்டி வேகம் பிடிக்கிறதுக்கு முன்னாடியே பெரிய கியருக்குத் தள்ளிருது. ஒம்பது கிராம் போட்டா எஞ்சின் நல்லாச் சுத்தும், சிக்னல்ல வண்டி எகிறும். டாப் ஸ்பீடு கொஞ்சம் குறையலாம்."

"டாப் ஸ்பீடு யாருக்கு லா வேணும்? கிளம்பினாப் போதும்."

"இருபது நிமிஷ வேலை. மாட்டிரவா?"

அங்கேதான் சின்னையா தவறு செய்தார். அவர் நேர்மையானவர். அரசாங்க வண்டியாச்சே, முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

சொத்துப் பிரிவு அதிகாரி சீதாலெட்சுமி விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். கால்குலேட்டரைத் தட்டினார்.

"ஒன்னுக்கு மூணு கிராம், ஆறு ரோலர். சின்னையா, அரசாங்கச் சொத்துல பதினெட்டு கிராம் குறையுது."

"ஆமா மேடம். குறைஞ்சாத்தான் வண்டி ஓடும்."

"குறையிற பதினெட்டு கிராம் எங்க போகுது?"

"எங்கயும் போகாது மேடம். பழைய ரோலரை உங்ககிட்டயே தந்துருவேன்."

"பழைய ரோலர் எழுபத்திரண்டு கிராம். அதைத் தந்தீங்கன்னா எங்களுக்கு எழுபத்திரண்டு கிராம் உபரி. குறைவும் இருக்கு, உபரியும் இருக்கு. ரெண்டுக்கும் தனித்தனி கமிட்டி லா."

இரண்டு கமிட்டிகளும் கூடின. ஒன்றின் முடிவை மற்றது ஆட்சேபித்தது. கோப்பு வீங்கி, கடைசியில் இயக்குநர் கமலநாதனின் மேசையில் உட்கார்ந்தது. கமலநாதன் அப்போதுதான் ஹோட்டலில் மூன்று நாள் நிர்வாகக் கருத்தரங்கு முடித்துத் திரும்பியிருந்தார். கோப்பில் ஒரு வரி அவர் கண்ணில் பட்டது: 'எடை குறைந்தால் வேகம் கூடும்.'

அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இது ஸ்கூட்டருக்கா சொன்னது? இலாகாவுக்கே சொன்னது!"

அடுத்த திங்கட்கிழமை 'இலகு இயக்கம்' தொடங்கியது. ஆலோசகராக விஷ்ணுப்ரியா வந்தார். ஊழியர்கள் எடைபார்க்கப்பட்டார்கள், கனமானவர்களுக்கு லிஃப்ட் மறுக்கப்பட்டது. கேண்டீனில் சீனி ஒழிந்தது, எல்லாருக்கும் தே ஓ கோசோங் என்கிற வெறும் கறுப்புத் தேநீர்தான். கூட்டங்கள் சுருங்கட்டும் என்று நாற்காலிகளை அகற்றினார்கள். கூட்டங்கள் அதே மூன்று மணி நேரம் நின்றபடி நடந்தன. பிறகு விஷ்ணுப்ரியா கோப்பு அறைக்குள் நுழைந்தார்.

"ஒரு கடிதத்துக்கு எதுக்கு பாஸ் ரெண்டு தாள்? ரெண்டாவது தாளை யார் படிக்கிறா?"

கமலநாதன் யோசித்துப் பார்த்தார். அவர் படித்ததில்லை. அன்றே உத்தரவு போனது.

அந்த உற்சாகத்தில் சின்னையாவின் ரோலருக்கும் அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. பதிவேட்டில் உள்ள ஸ்கூட்டரின் மொத்த எடை மாறக் கூடாது. ஆகவே 'இலகுவே வேகம்' என்று பொறித்த பதினெட்டு கிராம் பித்தளைத் தகடு ஒன்றை முன்னால் திருகிவிட வேண்டும்.

ரியாஸ் சிரித்துக்கொண்டே திருகினான். "வெளிய எதைத் தொங்கவிட்டாலும் பரவால்லண்ணே. உள்ள சுத்துறது லேசா இருந்தாப் போதும்."

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, லோகேஸ்வரியின் மூன்றாவது கடிதம் முத்திரையிட்ட உறையில் சின்னையாவின் கைக்கு வந்தது. முதல் சிக்னலில் பச்சை விழுந்ததுதான் தாமதம், ஸ்கூட்டர் அவரை முந்திக்கொண்டு பாய்ந்தது. கண்ணாடியில் லோரி சிறுத்துக்கொண்டே போனது. லோரிக்காரனுக்கு ஹார்ன் அடிக்கக்கூட நேரமில்லை. பதினோரு வருடமாக அந்தச் சாலையில் எல்லாருக்கும் வழிவிட்டே பழகிய சின்னையா ஹெல்மெட்டுக்குள் ஒரு விசிலடித்துப் பார்த்தார். மூன்று பத்துக்கெல்லாம் கிள்ளான்.

வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். லோகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. கவுண்டரில் இருந்த மலர்விழி உறையைப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு தாள் இருந்தது.

"கையெழுத்து எங்கண்ணே?"

"ரெண்டாவது தாள்ல இருக்குமே."

"ரெண்டாவது தாள் எங்க?"

சின்னையா உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தார். மலர்விழி பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போன் செய்தார். தாள் இலகுவாக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. அவர் நிராகரிப்பு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"அப்ப என் இடம்?" லோகேஸ்வரி கவுண்டர் பக்கம் குனிந்து கேட்டார். "வேற ஆளுக்குப் போயிருமா?"

"எப்படிக்கா போகும்? அதுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்துதான் கடிதம் வரணும். அதுவும் ஒரே தாளாத்தான் வரும். யாருக்கும் கிடைக்காது, பயப்படாதீங்க."

சின்னையா தலைகுனிந்து நின்றார். லோகேஸ்வரி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணே கால்தான் ஆகுது," என்றார் மெல்ல. "போன தடவை இல்லேன்னு தெரிஞ்சுக்கவே நாள் பூரா நின்னேன். இப்ப அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு. ஃபாஸ்ட்டாத்தான் லா இருக்கு."

கவுண்டர் ஓரத்தில், சேவை எப்படி என்று கேட்கும் கருவி இருந்தது. அதில் சிரித்த முகத்தை அழுத்திவிட்டு, புதிய விண்ணப்பத்தாள் ஒன்றை வாங்கிக்கொண்டார். சின்னையா நிமிர்ந்தார். தன் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்திருப்பது அவருக்கே தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"எங்க கடிதமும் இந்த ஸ்கூட்டர்லதான் வரணும்," என்றார் பின்னால் நின்றவர். அவருக்குப் பின்னால் நின்றவரும் அதையே சொன்னார். செய்தி கைப்பேசிகளில் பறந்தது. வேகச் சேவைக்கென்று ஒரு வரிசை தானாக உருவாகி, படியிறங்கி, கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஐந்து மணி வரை சின்னையாவால் ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியவில்லை.