படுத்த உத்தரமும் நின்ற உத்தரமும்

மதிப்பிற்குரிய திராகுதின் அண்ணனுக்கு, மலைமேலிருந்து தம்பி ரதோசாவ் வணங்கி எழுதுவது. அண்ணியும் உங்கள் மூட்டுவலியும் எப்படி? இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம். எனக்கு மட்டும் படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் நெவேனாவுக்குக் கல்யாணம், புது மாடிக் கூடத்தில் நூறு பேர் கைகோத்துக் கோலோ நடனம் ஆடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை ஓக்னியென் தச்சன் அல்லவா, மாடித்தரையைத் தாங்கப் பத்துக்கு இருபது சென்டிமீட்டர் உத்தரங்களை அறுத்து வந்து, குறுகின பக்கம் கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைக்கப் போனான். அந்த நேரம் பார்த்து வந்தார் நம் ஞானத்தந்தை மிலிசாவ். "படுக்கப் போடுடா எல்லாத்தையும்! நிக்கறவன்தான் விழுவான், படுத்துக் கெடக்கறவன் எங்க போய் விழுவான்?" என்றார். ஞானத்தந்தையை மறுத்துப் பேசும் வழக்கம் நம் வம்சத்தில் உண்டா? படுக்கப் போட்டோம். மாப்பிள்ளை முகம் கறுத்துவிட்டது. "மாமா, இதுக்கு மேல நெவேனாவ நான் ஆட விடமாட்டேன். கல்யாணத்தத் தள்ளி வைங்க" என்றான். எனக்கு மூச்சே நின்றுவிட்டது, அண்ணா!

"மறுத்துப் பேசத்தானே கூடாது, சோதிச்சுப் பாக்கலாமில்ல?" என்றாள் என் மனைவி விதோசாவா. முற்றத்தில் நாலு மீட்டர் இடைவெளியில் இரண்டு மரக்கட்டைகளைப் போட்டு, உத்தரத்தில் பாதி அளவு, ஐந்துக்குப் பத்து கட்டை ஒன்றைப் படுக்கவைத்து நடுவில் மக்காச்சோள மூட்டைகளை ஏற்றினோம். நாலாவது மூட்டையில் படாரென்று முறிந்தது. ஞானத்தந்தை, "அது நோஞ்சான் மரம்" என்று ஏழுக்கு ஏழு சதுரக்கட்டை கேட்டார். மரம் ஏறக்குறைய அதே அளவுதான். அது ஐந்தாவதில் முறிந்தது. அப்புறம் அதே ஐந்துக்குப் பத்து அளவில் புதுக்கட்டை ஒன்றை நிமிர்த்தி வைத்தோம். ஆறு மூட்டை ஏற்றியும் முனகவில்லை! "அகலத்த ரெண்டு மடங்காக்கினா பலமும் ரெண்டு மடங்குதான், மாமா. உயரத்த ரெண்டு மடங்காக்கினா நாலு மடங்கு" என்றான் மாப்பிள்ளை. ஐம்பது வருஷமாகக் கூரைக்குக் கீழே படுத்துத் தூங்கியும் இது எனக்குத் தெரியாமல் போனதே என்று ஆடிப்போய்விட்டேன். ஞானத்தந்தையும் வெளிறிப்போய், இரண்டு கிண்ணம் ராக்கியா சாராயம் குடித்துவிட்டு, "சரி, நிக்கட்டும்" என்றார். நெவேனா அவர் கையை முத்தமிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

ஆகவே பயப்படாமல் குடும்பத்தோடு வாருங்கள். மாடியில்தான் ஆட்டம். அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். நம் குலத்தைக் காக்கும் புனிதர் வழியெல்லாம் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
ரதோசாவ்

பின்குறிப்பு: உத்தரங்களை நிமிர்த்தியதில் மாடித்தரை பத்து சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. கதவு நிலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. முதலில் நுழையும் மரியாதை ஞானத்தந்தைக்கு. அவர் தலைநிமிர்ந்தே நுழைந்தார். நெற்றியில் முட்டையளவு வீக்கம். "நான் சொன்ன மாதிரி படுக்கப் போட்டிருந்தா இடிச்சிருக்குமாடா?" என்று கேட்டார். உத்தரங்களை மறுபடி படுக்கப் போட்டாகிவிட்டது. ஆட்டம் முற்றத்தில், பிளம் மரத்தடியில். அப்படியென்றால் சரி என்று மாப்பிள்ளையும் ஒப்புக்கொண்டான். மாடியில் மூன்று மூட்டைச் சோளம் இருக்கிறது. நாலாவதைத் தூக்கிக்கொண்டு யாரும் மேலே வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.