வடக்குச் சுவரில் வெயில்

ஒரு காட்டில் ஒரு குட்டிச்சுவர் இருந்தது. யார் கட்டியது, எதற்காகக் கட்டியது என்று எந்த விலங்குக்கும் தெரியாது. கூரை கிடையாது, கதவு கிடையாது. ஆனால் காலையில் முதல் வெயில் அதன்மேல்தான் விழும். அதனால் அந்தக் காட்டு ஓணான்கள் அத்தனையும் அதன்மேல் குடியிருந்தன.

ஓணானுக்கு உடம்பில் சொந்தச் சூடு இல்லை. கொஞ்ச நேரம் வெயிலில் கிடந்தால்தான் கை கால் அசையும், பூச்சி பிடிக்க முடியும், சொந்தக்காரர்களோடு சண்டை போட முடியும். வெயில் இல்லாத நாளில் ஓணானுக்கும் காய்ந்த சுள்ளிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்படி இருக்கையில் காடு வளர்ச்சி அடையத் தொடங்கியது. பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போய்வந்த சிங்கராஜா, "நமக்கும் ஓர் அலுவலகக் கோபுரம் வேண்டும். அதன் முகப்பு முழுக்க சோலார் பேனல் இருக்க வேண்டும். சுவரே மின்சாரம் தயாரிக்க வேண்டும்" என்றார். திட்ட ஆலோசகராக நரியார் நியமிக்கப்பட்டார். அவர் காடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, குட்டிச்சுவர் இருக்கும் இடம் யாரும் பயன்படுத்தாத இடம் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பை ஓணான்கள் குட்டிச்சுவரின்மேல் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தன.

"உங்களை யாரும் விரட்டலை" என்றார் நரியார். "இது மறுவளர்ச்சி. கொஞ்ச நாளைக்கு அந்த ஈச்சம்புதர்ல இருங்க. கோபுரத்துக்குப் பசுமைச் சான்றிதழ் கிடைக்கிற அன்னைக்கு, தெக்குச் சுவர் முழுக்க உங்களுக்குத்தான். அதுல பேனல் கிடையாது, ஜன்னல் கிடையாது. வெறும் கல்லு. விடிஞ்சதுலேருந்து பொழுது அடையிற வரைக்கும் வெயிலு."

ஓணான்கள் ஈச்சம்புதருக்குப் போயின. கோபுரம் உயர உயர அதன் நிழல் புதரின்மேல் வந்து படுத்துக்கொண்டது.

அந்தக் கூட்டத்தில் செவ்வந்தி என்று ஒருத்தி இருந்தாள். ஓணான் குலத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். வெயிலியல் படித்திருந்தாள். "வெயில்ல கிடக்குறதுக்கு ஒரு படிப்பா?" என்று அவளுடைய தாய்மாமன் கேட்டார், பட்டம் வாங்கி வந்த பிறகும் அதையே கேட்டார். ஆனால் கோபுரத்தில் அவளுக்கு அளவைப் பொறியாளர் வேலை கிடைத்ததும், ஊரில் எதிர்ப்பட்ட எலி, அணில் எல்லோரிடமும், "எங்க பாப்பாதான் அங்க வெயிலையே பாத்துக்குது" என்று சொல்ல ஆரம்பித்தார்.

சோலார் முகப்பில் எவ்வளவு வெயில் விழுகிறது, எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று அளந்து சொல்வது செவ்வந்தியின் வேலை. முதல் நாள் அவள் மீட்டரைப் பொருத்தினாள். முள் நகரவில்லை. மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். கழற்றி மாட்டினாள். தான் எதையோ தவறாகச் செய்கிறோம் என்று அவளுக்கு வியர்த்தது; ஓணானுக்கு வியர்க்காது, ஆனாலும் வியர்த்ததுபோல் இருந்தது. பாடக்குறிப்பை எடுத்துப் படித்துவிட்டு வந்து மறுபடியும் பொருத்தினாள். கடைசியில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, சட்டத்தைப் பிடித்து ஏறி, வயிற்றைப் பேனலின்மேல் ஒட்டவைத்துப் பார்த்தாள். மண்பானையின் அடிப்பக்கம் மாதிரி சில்லென்று இருந்தது.

அப்போதுதான் அவள் திரும்பிச் சூரியனைத் தேடினாள். சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது.

முகப்பு வடக்கே பார்த்திருந்தது. அரண்மனைப் பாதை வடக்கில் இருப்பதால், ராஜா காலை நடைப்பயிற்சியில் வரும்போது பேனல் கண்ணில் பட வேண்டும் என்று அப்படி வைத்திருந்தார்கள். வாஸ்து பார்த்த கரடியும், வடக்கு குபேரன் திசை, ராஜாங்கத்துக்கு உகந்தது என்று சொல்லியிருந்தது. சூரியனின் திசையைப் பற்றிக் கேட்டதற்கு, அந்த அத்தியாயம் தன் பிரதியில் கிழிந்துபோயிருந்ததாகச் சொன்னது. ஆனி ஆடியில் வடக்கு முகப்பில் கொஞ்சம் வெயில் எட்டிப்பார்க்கும் என்பதைச் செவ்வந்தி நேர்மையாகத் தனக்குள் ஒப்புக்கொண்டாள். ஆனால் இப்போது மார்கழி. பசுமைச் சான்றிதழுக்கான ஆய்வாளர் தையில் வருகிறார்.

பேனல்களைக் கழற்றித் தெற்குச் சுவரில் மாட்டினால் மின்சாரம் கொட்டும். அதைச் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. சொன்னால், அவள் குலத்துக்கென்று விட்டுவைத்த ஒரே சுவர் போய்விடும்.

அன்று சாயங்காலம் ஈச்சம்புதருக்குப் போனாள். அம்மா ஒரு மட்டையைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக முன்னங்கால் விறைத்துப்போகிறது. பக்கத்தில் வந்த எறும்பைப் பிடிக்க நாக்கை நீட்டுவதற்குள் எறும்பு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

செவ்வந்தி விஷயத்தைச் சொன்னாள்.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?" என்றாள் அம்மா.

"இன்னும் இல்ல."

"அப்ப விடு."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"பொய் சொல்லுன்னு நான் எப்படி சொன்னேன்? சும்மா இருன்னு சொன்னேன். சும்மா இருக்குறது நம்ம குலத்தொழில்டி. உங்க அப்பா காலம் பூராவும் அதைத்தான் செஞ்சாரு."

"மீட்டர்ல ஒண்ணுமே வரலைம்மா. நான் என்னன்னு எழுதுறது?"

"வெயில் வரும்போது வரும்னு எழுது." அம்மா கண்ணை மெதுவாக மூடித் திறந்தாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் செவ்வந்தி. அந்தத் தெக்குச் சுவத்துல ஒரு முழம் இடம். கால் அசைஞ்சாப் போதும்."

செவ்வந்திக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் காலையும் மீட்டரின் முள்ளையும் மாறி மாறி நினைத்துக்கொண்டாள். இரண்டுமே அசையவில்லை. விடிந்ததும் நேராக நரியாரின் அறைக்குப் போனாள். வாசலில் நின்று, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

"சார், முகப்புல வெயிலே விழல சார். பேனல் எல்லாம் தெற்குச் சுவர்ல இருக்கணும் சார். எங்க குலத்துக்குக் கொடுக்கறதா சொன்ன சுவர்தான் அது. ஆனா உண்மை அதுதான் சார்."

நரியார் தேநீரை ஊதிக் குடித்தார்.

"உக்காரும்மா. இது எங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமா சார்?"

"சூரியன் எந்தப் பக்கம் போகுதுன்னு எல்லாருக்கும்தான் தெரியும். மண்ணு சுமந்த கழுதை முதல் நாளே சொல்லுச்சு. ராஜாவே ஒருவாட்டி, என்னய்யா நிழலா இருக்குன்னு கேட்டாரு. குளுமையா இருக்கட்டும்னுதான் ராஜான்னேன். நல்லதுன்னு போயிட்டாரு."

"அப்ப பேனலைத் தெற்கே மாத்தலாமே சார்?"

"தெக்கே வச்சா யாரு பாக்குறது? அங்க குப்பைமேடுதான் இருக்கு. பன்னிக்குக் காட்டவா இவ்வளவு செலவு பண்ணோம்?" நரியார் குவளையைக் கீழே வைத்தார். "எனக்குக் கவலை ஆய்வாளரைப் பத்தித்தான். கொக்கு. ஒத்தைக்கால்ல நின்னு யோசிக்கிற ஆளு. மீட்டரை நம்ப மாட்டாரு, இயற்கையோட அடையாளத்தைத்தான் நம்புவேம்பாரு. எறும்பு முட்டையைத் தூக்கிட்டுப் போனா மழைன்னு எழுதுற கட்சி."

சொல்லிக்கொண்டே நரியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஓணான்தானேம்மா?"

"ஆமா சார்."

"உங்க ஆளுங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

செவ்வந்திக்குப் புரிந்துவிட்டது. "சார், அது ஏமாத்தறது இல்லையா?"

"ஓணான் சுவத்துல உக்காந்தா அதுல என்னம்மா ஏமாத்து? நான் ஏதாவது பேசச் சொன்னேனா? சான்றிதழ் வரலைன்னா தெக்குச் சுவரும் கிடையாது, அதையும் வீட்ல சொல்லிடு."

அவள் வீட்டில் சொல்லவில்லை. நரியாரே ஆள் அனுப்பிச் சொன்னார்.

ஆய்வு நாளன்று காலையில் ஓணான் குலம் முழுவதும் வடக்கு முகப்பில் ஏறியது. கண்ணாடியில் பாதத்தை ஒட்டி நிற்கப் பல்லியால்தான் முடியும்; ஓணானுக்கு வழுக்கும். அலுமினியச் சட்டங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். தாய்மாமன் ஒரு மாடி வழுக்கிக்கொண்டு கீழே வந்து, "இந்தப் பக்கம் காத்தோட்டமா இருக்கு" என்று சொல்லி அங்கேயே இருந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் குளிர் ஏறியது. சூட்டுக்காக ஏங்கும்போது ஓணானின் தோல் கறுக்கும். எல்லோரும் கரிக்கட்டையாகக் கறுத்து, அசைவற்றுப்போனார்கள்.

கொக்கு ஐயா வந்தார். ஒற்றைக் காலில் நின்று முகப்பை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பேஷ்" என்றார். "எப்படிக் கறுத்துப்போயிருக்கிறார்கள் பாருங்கள். எத்தனை நாள் வெயில் குடித்த உடம்பு."

"அன்றாடம் இதே கதைதான் ஐயா" என்றார் நரியார். "எறங்கச் சொன்னாக்கூட எறங்க மாட்டாங்க."

அது உண்மைதான். யாராலும் கையை அசைக்க முடியவில்லை.

பிறகு கொக்கு ஐயா செவ்வந்தியின் பக்கம் திரும்பினார். "அளவைப் பொறியாளர் நீதானே? நீயே சொல்லம்மா. இந்தச் சுவரில் வெயில் விழுகிறதா?"

நரியார் வானத்தைப் பார்த்தார். செவ்வந்தி மேலே பார்த்தாள். நடுச்சட்டத்தில் அம்மா. அம்மாவின் கண்மட்டும் அவளைப் பார்த்து மெதுவாக மூடித் திறந்தது. 'சும்மா இரு' என்பதற்கு அதுதான் அடையாளம் என்று செவ்வந்திக்குத் தெரியும்.

"இல்லை ஐயா" என்றாள். "ஒரு பொட்டு வெயில்கூட விழவில்லை. மீட்டர் முள் இந்த மாதம் முழுக்க நகரவே இல்லை. அவர்கள் குளிரில் விறைத்துப்போயிருக்கிறார்கள்."

கொக்கு ஐயா காலை மாற்றிக்கொண்டு யோசித்தார். முகப்பைப் பார்த்தார். செவ்வந்தியைப் பார்த்தார். மறுபடியும் முகப்பைப் பார்த்தார்.

"அந்த நடுவில் இருப்பவர் யார்?"

"என் அம்மா ஐயா."

"வெயில் எங்கே இருக்கிறது என்று உனக்குக் கூடுதலாகத் தெரியுமா, உன் அம்மாவுக்குக் கூடுதலாகத் தெரியுமா?"

செவ்வந்தி நேர்மையானவள். "அம்மாவுக்குத்தான் ஐயா."

"முடிந்தது" என்றார் கொக்கு ஐயா. பிறகு நரியாரிடம், "இந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகளிடம் இந்தத் தன்னடக்கம் ஒன்றுதான் குறை. இவ்வளவு பெரிய சாதனையைச் செய்துவிட்டு இல்லை என்கிறாள். ஆனால் சான்றிதழுக்காக ஒரு சொல்கூட மிகைப்படுத்தாத பொறியாளரை இன்றுதான் பார்க்கிறேன். இவள் இருக்கும் கட்டடத்தை நம்பலாம்" என்றார்.

கோபுரத்துக்கு உயர்நிலைப் பசுமைச் சான்றிதழ் கிடைத்தது. செவ்வந்தியின் வேலை நிரந்தரமானது. சிங்கராஜா தெற்குச் சுவருக்கு நாடா வெட்டி, அதை ஓணான் குலத்துக்கு என்றென்றைக்குமாக எழுதிக்கொடுத்தார். நரியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்று தாய்மாமன் மாலை போட்டார்.

ஒரு சின்ன ஏற்பாடு மட்டும் இருந்தது. சான்றிதழைச் சரிபார்க்கக் கொக்கு ஐயா எந்த நாளும் முன்னறிவிப்பு இல்லாமல் பறந்து வரலாம். ஆகவே பகல் பொழுதில் ஓணான்கள் வடக்கு முகப்பில் இருக்க வேண்டும். தெற்குச் சுவரில் ஓர் ஓணான்கூடக் கண்ணில் படக் கூடாது. பட்டால் அங்கேதான் வெயில் என்று சந்தேகம் வரும். மற்றபடி அது அவர்கள் சுவர். சூரியன் மறைந்த பிறகு அவர்கள் விருப்பம்போல் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஒரு நாள் காலையில் செவ்வந்தி சட்டத்தைப் பிடித்து ஏறி அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் உண்மையைத்தாம்மா சொன்னேன்" என்றாள்.

"தெரியும்டி" என்றாள் அம்மா. வார்த்தைகள் ஒன்றொன்றாக வந்தன. "அந்தக் கொக்கு ஐயாவே உன்னைப் பாராட்டினாரே. ஊரே பேசுது." பிறகு, "சரி, மறைக்காம தள்ளி உக்காரு. ராஜா நடந்து வர்ற நேரம். நான் வெயில் காயணும்" என்றாள்.

நீதி: உண்மையை எப்போதும் துணிந்து சொல்லுங்கள், சான்றிதழ் கிடைப்பதற்கு அது ஒருபோதும் தடையாக இருப்பதில்லை.