முந்நூற்றுப் பன்னிரண்டு வாசகர்கள்

"ஒருத்தர் போயிட்டார்!"

தையல் மாஸ்டர் போட்ட சத்தத்தில் அவர் மனைவியின் கையில் இருந்த ஊசி விரலில் ஏறிவிட்டது.

"ஐயையோ, யாருங்க? எப்போ?"

"பத்து நிமிஷம் ஆச்சு. முந்நூத்திப் பன்னிரண்டு இருந்தது. இப்போ முந்நூத்திப் பதினொண்ணு."

மனைவி விரலை வாயில் வைத்துக்கொண்டு மறுபடியும் பித்தான் துளைகளுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தாள். யாரும் சாகவில்லை. மாஸ்டர் அனுப்பும் மின்னஞ்சல் கடிதத்திலிருந்து ஒரு வாசகர் விலகியிருந்தார், அவ்வளவுதான்.

மாஸ்டருக்கு அது அவ்வளவுதான் இல்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு புதன்கிழமையும் 'பித்தான் மடல்' என்று ஒன்றை எழுதி அனுப்பிவருகிறார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பித்தான்தான். நான்கு துளைப் பித்தானுக்கு மூன்று துளை ஏன் போதாது என்பதை மட்டும் ஆறு வாரம் எழுதினார். வாசகர்களைத் தேடி அவர் அலையவில்லை. துணி தயாரானதும் செய்தி அனுப்புவதற்காக, அளவு நோட்டில் தோளளவு, மார்பளவுக்குப் பக்கத்திலேயே மின்னஞ்சல் முகவரியும் எழுதி வாங்குவது கடை வழக்கம். அந்த நோட்டை மச்சினன் அப்படியே கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டான்.

மச்சினனுக்கு ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. முதல் மடல் போன அன்று திரையைப் பார்த்தவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"மாமா! அனுப்பின அஞ்சு நிமிஷத்துல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேர் தொறந்துட்டாங்க! எங்க கம்பெனியில இருபது பேர் தொறந்தாலே கேக் வெட்டுவோம்!"

அன்றிலிருந்து மாஸ்டரின் கழுத்தில் அளவு நாடா தொங்கிய தோரணையே வேறு.

"இன்னிக்கு ஒருத்தர் போயிருக்கார். நாளைக்கு மத்தவங்களும் போவாங்க" என்றாள் மனைவி. "பேசாம அதை நிறுத்திட்டு மெஷின்ல உக்காருங்க."

"போகட்டுமே, பாத்துக்கலாம்! இருநூறுக்குக் கீழ இறங்கினா அன்னிக்கு நிறுத்தறேன். அதுவரைக்கும் எவனாலயும் என்னை அசைக்க முடியாது."

"சத்தியமா?"

"இந்தக் கத்தரிக்கோல் மேல சத்தியம்."

மனைவி கத்தரிக்கோலை எடுத்து அவர் கையிலேயே வைத்து, சத்தியத்தை இன்னொரு முறை சொல்ல வைத்தாள். பதினெட்டு வருடக் குடும்பத்தில் அவள் கற்றுக்கொண்டது இது.

விலகியவர் யாரென்று கணினி சொன்னது. கணக்கு டீச்சர்.

"கணக்கு டீச்சருக்குப் பித்தானோட அருமை எங்க தெரியப் போகுது?" என்று மாஸ்டர் உறுமினார். ஆனாலும் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

மச்சினன் தாடையைத் தடவி யோசித்தான்.

"எழுத்துல கவனம் சிதறுது மாமா. ஒரு காலை மெஷின்ல வச்சுக்கிட்டு எழுதினா எப்படி?"

நியாயமாகத்தான் பட்டது. மாஸ்டர் மெஷினை விட்டு எழுந்து, துணி வெட்டும் மேஜையின் ஓரத்துக்குக் குடிபெயர்ந்தார். மெஷினில் மனைவி உட்கார்ந்தாள். அவள் அப்பாவும் தையல்காரர்தான். மாஸ்டர் ஒரு சட்டை தைப்பதற்குள் அவள் மூன்று தைத்துவிடுவாள். இந்த விஷயத்தை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

அந்த வாரம் மாஸ்டர் மடலை நான்கு தடவை அடித்து அடித்துத் திருத்தினார். படித்துப் பார்த்து அவருக்கே கண் கலங்கியது. புதன்கிழமை அனுப்பினார். சனிக்கிழமைக்குள் முப்பத்தொரு பேர் விலகினார்கள்.

"நல்லா எழுதினா போயிடறாங்களேடா!"

"வாரத்துக்கு ஒண்ணுன்னா மறந்துடுவாங்க மாமா. ரெண்டா அனுப்புங்க."

இரண்டு அனுப்பினார். அதற்கு நேரம் வேண்டுமே! வெட்டுகிற வேலையையும் மனைவியிடமே தள்ளிவிட்டார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை மெஷின் ஓடியது. அடுத்த பதினைந்து நாளில் நாற்பத்தொன்பது பேர் கம்பி நீட்டினார்கள்.

"இருநூத்தி முப்பத்தொண்ணு" என்றாள் மனைவி, தலை நிமிராமல்.

"எனக்கும் எண்ணத் தெரியும்."

இன்னொருவராக இருந்தால் அடங்கியிருப்பார். மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னை விட்டுட்டுப் போறாங்களா? இனிமே தினமும் எழுதறேன்! பித்தானைப் பத்தி நான் எழுதாம வேற யாருடா எழுதுவா?"

மச்சினன் தலையாட்டினான். அது உண்மைதானே!

தினமும் எழுதினார். கழுத்துப் பித்தான், கைப் பித்தான், காணாமல் போன பித்தான் என்று ஒன்றையும் விடவில்லை. வருகிறவர்கள் யார், போகிறவர்கள் யார் என்று நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. துணி கொடுப்பது, வாங்குவது எல்லாம் மனைவி பாடு. மாதக் கடைசியில் எண்ணிக்கை இருநூறில் வந்து நின்றது. இன்னும் ஒரே ஒருவர் விலகினால் கதை முடிந்தது.

மனைவி கத்தரிக்கோலை அவர் கண்ணில் படுகிற மாதிரி எடுத்து வைத்தாள்.

"கடைசியா ஒண்ணு இருக்கு மாமா" என்றான் மச்சினன். "தலைப்பு. 'கழுத்துப் பித்தான்: ஒரு மறுபார்வை'ன்னு போட்டா யாருக்கு ஒட்டும்? தலைப்பைப் பார்த்ததுமே, இது எனக்குன்னே வந்ததுன்னு அவங்களுக்குத் தோணணும்."

இருவரும் ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் தலைப்பு பிறந்தது: 'உங்களுக்காகவே பார்த்துப் பார்த்துச் செய்தது, இதோ தயார்!'

காலை பத்து மணிக்கு அனுப்பினார்கள். பத்தே காலுக்குக் கடையின் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு காலடி இல்லை. ஒரு படையே ஏறி வருகிற சத்தம்.

மாஸ்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். படியில் கால் வைக்க இடமில்லை. வரிசை தெருமுனை வரை போய்த் திரும்பியிருந்தது. இன்னும் ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"பாத்தியாடி! என் வாசகர்கள்!" அவர் மனைவியைக் கூப்பிட்டார். "நேர்லயே பாக்க வந்துட்டாங்க!"

மனைவியும் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று. "என்னங்க, நீங்க எதுவும் பேசாதீங்க" என்றாள்.

அவர் எங்கே கேட்கப் போகிறார்? வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு வேறு இருந்தது.

"கையெழுத்து கேப்பாங்க போலிருக்கு. அந்தப் பேனாவைக் குடு!"

பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு துணி வெட்டும் மேஜை மேல் ஏறி நின்றார். கடை நிறைந்துவிட்டது.

"நூத்திப் பன்னிரண்டு பேர் என்னை விட்டுட்டுப் போனாங்க!" என்று முழங்கினார். "நான் கலங்கினேனா? இல்லை! நிறுத்துன்னு வீட்டுல சொன்னாங்க. நிறுத்தினேனா? இல்லை! போனவங்க போகட்டும். நீங்க இருநூறு பேர் என் பக்கம் நின்னீங்க. ஒரு மடலைக்கூட தொறக்காம விட்டதில்லை. உங்களுக்காக என் கடைசி மூச்சு வரைக்கும் எழுதுவேன்! ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள்ல ஒருத்தர்கூட விலகிடாதீங்க!"

கை தட்டுவார்கள் என்று நின்றார். யாரும் தட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முன்வரிசையில் நின்ற தபால்காரர் தன் சீட்டை மேஜை மேல் வைத்தார். பத்து மாதம் முந்தைய தேதி போட்ட சீட்டு.

"போனவங்களுக்குக் குடுத்த மாதிரி எங்க துணியையும் தைச்சுக் குடுத்துடுங்க மாஸ்டர், நாங்களும் விலகிக்கிறோம்."