ஆமை முதுகில் மாடிவீடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமா? இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

என் மழலையர் பள்ளிச் சுவருக்குக் காக்கா, நரி, ஆமை, முயல், சிங்கம் என்று கதைப் படங்கள் கேட்டேன். நீயும் வரைந்து, அச்சிட்டுச் சுருட்டி அனுப்பினாய். தம்பியின் வேலையைச் சந்தேகப்படுவதா என்று பிரித்துப் பார்க்காமலே சட்டம் போடக் கொடுத்தேன். எனக்குக் காய்ச்சல், சட்டம் போட்டவரே வந்து மாட்டிவிட்டும் போனார். எழுந்து போய்ப் பார்த்தால், காக்காவின் வாயில் நிலா, நரிக்கு வால் இருக்க வேண்டிய இடத்தில் மாடிப்படி, ஆமையின் முதுகில் ஓட்டுக்குப் பதில் மாடிவீடு, அதன் பால்கனியில் தூங்கும் முயல். கிணற்றுச் சிங்கம் தலைகீழாகத் தொங்கியது. "எது மேல்பக்கம்னு நீங்க சொல்லலையேம்மா" என்றார் சட்டக்காரர். நேராக்கினேன். அதுவரை கிணற்றிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த சிங்கத்தை டீச்சர் உள்ளே தள்ளிவிட்டதாக வகுப்பே அழுதது. மறுபடி தலைகீழாக்கினேன்.

பிறகு வீடுகளிலிருந்து புகார். ஒரு அப்பா கொட்டாவி விட்டாராம். "வாயை மூடுப்பா, நிலா விழுந்துடும்" என்று மகள் அதட்டியிருக்கிறாள். ஒரு அம்மா, "முயல் ஏன் ஜெயிக்கலைன்னு கேட்டா, 'அது வாடகைக்கு இருக்கும்மா'ங்கிறான் என் பையன். இதுக்கா பீஸ் கட்றோம்?" என்கிறார். திங்கட்கிழமைக்குள் இறக்காவிட்டால் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்களாம். இருப்பதே விரல்விட்டு எண்ணும்படி. அதில் பாதி போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான். உன் அத்தான் பகல் தூக்கத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "உன் தம்பி வரைஞ்சதுன்னு தெரிஞ்சும் பிரிச்சுப் பார்க்கலையே, உனக்குத் துணிச்சல் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். நானாக உண்டாக்கியது இந்தப் பள்ளி ஒன்றுதான். அதையும் உன் நரியின் மாடிப்படியில் உருட்டிவிட்டாயேடா.

சனிக்கிழமை வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். இனிமேலாவது மிருகங்களை உள்ளபடி வரை.

உன் அக்கா

பின்குறிப்பு: வராதே. இன்று படங்களை இறக்கினேன்; பிள்ளைகள் வாசற்படி தாண்ட மறுத்து நின்றுவிட்டார்கள். கொட்டாவி விட்ட அப்பாவே ஸ்டூல் மேல் ஏறித் திரும்ப மாட்டினார், சிங்கத்தைத் தலைகீழாக. ஆமையை மட்டும் நான் கொடுக்கவில்லை. வீடு மாறிப் போய்விட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன்: எல்லா அறையிலும் விளக்கு எரிகிறது, எல்லாரும் தூங்குகிறார்கள், ஆமை மட்டும் நடக்கிறது. யாரைப் பார்த்து வரைந்தாய் என்று கேட்கப் போவதில்லை. எங்கள் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். அத்தான் படுத்தபடியே பார்த்துவிட்டு, "முயல் நல்லா வந்திருக்கே" என்றார்.