மரியலூர்துவின் செலக்ஷன்

கல்யாணமான பதிமூன்று வருஷத்தில் மரியலூர்து செய்த காரியங்களில் உருப்படியாக ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. மனைவி வியாகுலமேரிக்குக் கல்யாணத்தன்று வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம். "பேட்டரி செல்லைத் தவிர ஒண்ணும் மாத்தினதில்ல. என் செலக்ஷன்!" என்று கடலூர் முதுநகரில் அவர் சொல்லாத ஆளில்லை.

2008இல் ஒரு வெள்ளிக்கிழமை அது நின்றுவிட்டது. புது செல் போட்டும் நொடிமுள் இருந்த இடத்திலேயே துடித்தது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் ராபர்ட் குவைத்திலிருந்து அக்காவுக்குத் தங்கநிற வாட்சோடு வருகிறான். அது அவள் கையில் ஏறிவிட்டால்? மரியலூர்துவின் பதிமூன்று வருஷப் பெருமை போயிற்று.

சனிக்கிழமை காலையிலேயே கிளம்பினார்.

"எங்க கெளம்பிட்டீங்க, மாமா?" என்றாள் மேரி.

"சிப்காட்டுல ஓவர்டைம்."

"என் வாட்ச் எங்க?"

"அழுக்கா இருக்கு. தொடச்சித் தரேன்."

"ஓவர்டைம்லயா?"

"நடுவுல டைம் கெடைக்குமில்ல!"

உள்ளூரில் கொடுத்தால் மானம் போய்விடும் என்று சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். கீழவீதியில் வாட்ச் ரிப்பேர் கண்ணாயிரம் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை இடுக்கி, உள்ளே மிஷின்மேல் இருந்த நம்பரைப் படித்தார்.

"பல்சக்கரம்லாம் தேஞ்சிபோச்சி சார். மிஷினையே மாத்தணும். இதே நம்பர் மிஷின் எங்கிட்ட இருக்குது."

மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறிய மூன்று தேதிகள். அதைப் பார்த்ததும் கண்ணாயிரம் சிரித்துவிட்டார்.

"அட, நம்ம மேரியம்மா வாட்ச்! மிஷின் மாத்துனா தேதி போடுறது என் பழக்கம். இது நாலாவது சார்."

மூன்றும் மே மாதம். வருஷா வருஷம் மேரி சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் போகிற மாதம்.

"வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லும் அந்தம்மா. அவரு பெருமையாப் பேசிக்கிறாரு, அது கெடக் கூடாதாம். நீங்க யாரு சார்?"

"தெரிஞ்சவன்" என்றார் மரியலூர்து.

கண்ணாயிரம் புது மிஷினை வைத்து, பழைய சாவித் தண்டின் அளவுக்குப் புதுத் தண்டை நறுக்கி, முள்களைப் பொருத்தினார். நேரத்தை ஐந்து நிமிஷம் கூட்டி வைத்தார். "எந்த வாட்சுக்கும் இப்படித்தான் வைப்பேன், அது என் ராசி" என்றார்.

தானும் வாயே திறப்பதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு கட்டிக்கொண்டார் மரியலூர்து. பதிமூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தெரியாமல் ஒரு ரகசியம்!

வீட்டில் மேரி வாட்சைக் கட்டிக்கொண்டாள்.

"ஓடுதே!"

"செலக்ஷன் யாரோடது?"

"உங்களோடதுதான். ராபர்ட் கொண்டாறத அவன் பொண்டாட்டிக்கே குடுத்துடச் சொல்லிட்டேன்."

மரியலூர்து நெஞ்சை நிமிர்த்தினார். மேரி சுவர்க் கடிகாரத்தையும் கையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அஞ்சி நிமிஷம் ஜாஸ்தியா ஓடுதே. ஓவர்டைம்ல கண்ணாயிரம் அண்ணன் நல்லா இருந்தாரா, மாமா?"