டப்பாவைப் பிடித்தால் புஜம் வளரும்

அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் யாரும் எடை தூக்குவதில்லை. தூக்கினால் உடம்புக்கு டென்ஷனாம். டென்ஷன் வந்தால் கார்டிசால் என்ற சுரப்பு ஏறுமாம். அது ஏறினால் இருக்கிற தசையையும் கரையான் போல அரித்துவிடுமாம். இந்த அரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் கூடத்தை நடத்தும் புஜபல மாஸ்டர். ஆகவே இரும்பெல்லாம் மூலையில் துருப்பிடிக்க, ஜனங்கள் 'சாந்தப் பொடி' டப்பாவை ஏந்திக்கொண்டு கண்ணாடி முன் வரிசையாக நின்றார்கள். பொடியை மூன்று வேளை குடித்தும் வளர்ந்தது தொப்பைதான்.

"தசை மேல ஏறுறதுக்கு முன்னாடி அங்கதான் வந்து சேரும்" என்று மாஸ்டர் அதற்கும் விளக்கம் சொன்னார். ஆஹா என்றார்கள்.

நிரூபணமும் உண்டு. வெறுங்கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டை அழுத்துவார். கை தொப்பென்று விழும். டப்பாவைப் பிடிக்கச் சொல்லி மறுபடி அழுத்துவார், கை அசையாது. உடனே கூட்டம் இன்னொரு டப்பா வாங்க முண்டியடிக்கும்.

இந்தப் பக்தகோடிகளில் ஒருவர் பஸ் டிரைவர். ரத்தக்கொதிப்புக்காரர். பொடி இருக்க மாத்திரை எதற்கு என்று மாஸ்டர் சொன்னதால், டாக்டர் கொடுத்ததை நிறுத்திவிட்டார். போன வாரம் ஓட்டும்போதே கண் இருட்டி, பஸ்ஸை நடைபாதையில் ஏற்றினார். செத்தது ஒரு குப்பைத்தொட்டி மட்டும். வீட்டில் அவர் மனைவி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"மாத்திரையைப் போடுங்க. பஸ்ல உக்காந்திருக்கிறவங்க என்னங்க பாவம் பண்ணாங்க?"

"மாத்திரை கார்டிசாலை ஏத்திடும்டி. மாஸ்டர் கையை அழுத்தியே காட்டினாரே, நீ பாக்கலை."

"சரி, நானும் வந்து பாக்குறேன்."

மறுநாள் மாலை கணவரோடு கூடத்துக்கு வந்தார். பையிலிருந்து ஒரே மாதிரியான இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். இரண்டிலும் பெயரில்லை, மூடி இறுகியிருந்தது.

"மாஸ்டர், உள்ள இருக்கிறது உங்க பொடியா, துணி துவைக்கிற சோப்புத்தூளான்னு நான் சொல்ல மாட்டேன். இவர் கையை அழுத்தி நீங்களே சொல்லுங்க."

மாஸ்டர் சிரித்தார். டிரைவர் முதல் டப்பாவைப் பிடித்தார். மாஸ்டர் அழுத்த, கை விழுந்தது.

"சோப்பு. நரம்பே செத்துப்போச்சு, பாருங்க."

இரண்டாவது டப்பா. மாஸ்டர் முக்கினார், முனகினார், முகம் சிவந்தார். கை அப்படியே நின்றது.

"இதுதான்மா நம்ம பொடி. யானை வந்து மிதிச்சாலும் இந்தக் கை இறங்காது."

மனைவி இரண்டு வாளித் தண்ணீர் பிடித்து, வாளிக்கொரு டப்பாவாகக் கொட்டிக் கலக்கினார். இரண்டு வாளியிலும் நுரை பொங்கித் தரையில் வழிந்தது.

"ரெண்டும் சோப்புதான். மாறினது நீங்க அழுத்தின அழுத்தம்."

"உங்க அவநம்பிக்கைதான்மா பொடியைச் சோப்பாக்கிடுச்சு" என்றார் மாஸ்டர், நுரையில் நின்றபடி.

டிரைவர் தன் கையையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அதை மனைவியிடம் நீட்டினார். "மாத்திரையைக் கொண்டு வந்திருக்கியா?" அவர் கொடுத்தார். டிரைவர் அங்கேயே விழுங்கினார்.

கூட்டம் கலையும்போது பின்வரிசைக்காரர் ஒருவர் மெதுவாக வந்து கேட்டார்: "ஏம்மா, கை அவ்வளவு கெட்டியா நின்னுச்சே, அந்தச் சோப்புத்தூள் எந்தக் கடையில கிடைக்கும்?"

தசை தேய்ந்தால் மறுபடி வளர்த்துக்கொள்ளலாம், ஐயா. மூளையையும் அவ்வப்போது கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். அதற்கு எந்தக் கடையிலும் பொடி கிடையாது.